மரங்கொத்தி மரத்துக்குப் பகையா?

போடிநாயக்கனூர்ச் சரிவுகளில் மாவும் இலவமும் வளர்ப்போரும், மேலே ஏலமலையில் தோட்டம் வைத்திருப்போரும் நம்மிடம் கேட்கும் வினா ஒன்று உண்டு: “மரங்கொத்தி துளைத்த மரம் பட்டுப்போகுமா? அதற்கு முன் வெட்டி விற்றுவிடலாமா?” நிழல் மரம் வளரப் பல ஆண்டுகள் வேண்டும், வெட்ட ஒரு நாழிகை போதும். நிழலற்ற இடத்தில் ஏலச்செடி வெயிலிற் கருகும். ஆதலின் இதனை நிதானமாக ஆராய்தல் வேண்டும்.

இலைகள் ஆக்கும் சர்க்கரைச் சத்து உட்பட்டையின் வழியாகவே வேருக்கு இறங்குகிறது. அடிமரத்தைச் சுற்றிலும் அப்பட்டை அறுபடின், வேர் பட்டினி கிடந்து மரம் மடியும். ஓரிடத்தில் மட்டும் துளை விழுந்தால் சத்து அதனை ஒதுங்கிச் செல்லும்; புண்ணும் நாளடைவில் ஆறும்.

வட அமெரிக்காவில் சாறுண்ணும் மரங்கொத்திகள் 4 இனம் உள. அவை உயிர்ப்பட்டையில் வரிசை வரிசையாகச் சிறு குழிகள் இட்டு, ஊறும் சாற்றை உண்கின்றன. அந்நாட்டு வனத்துறை 1969-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இவ்வாறு புண்பட்ட சாம்பல்நிறப் பிர்ச் மரங்களில் நூற்றுக்கு 67 மடிந்தன. செந்நிற ஸ்புரூஸ் மரங்களிலோ 3 மட்டுமே. எனவே தீங்கு உண்மையே. ஆயினும் அது மரத்தின் இனத்தைப் பொறுத்து மிகவும் வேறுபடும்.

அவ்வினங்கள் நம் மலைகளில் இல்லை. இந்தியாவில் இவ்வாறு குழி வரிசை இடும் செவ்வயிற்று மரங்கொத்தி இமயமலைப் பறவை. நம் தோப்புகளில் காணும் பொன்முதுகு மரங்கொத்தி, எறும்புகளையும் மரத்துள் வாழும் புழுக்களையும் தேடியே கொத்துகிறது. செம்பழுப்பு மரங்கொத்தி சிற்சில வேளை சாறு உண்ணினும், அதன் முதன்மை உணவு எறும்பே.

மாவையும் இலவத்தையும் உள்ளிருந்து அரிப்பது தண்டுத் துளைப்பான் வண்டின் புழு. பறவை கொத்திய இடம் பெரும்பாலும் அப்புழு இருக்கும் இடத்தைக் காட்டும் அடையாளமாகும். துளைகளைப் பின்வருமாறு பிரித்தறிக:

1. வரிசையான, ஆழமற்ற குழிகளில் சாறு கசிந்தால், அவ்விடத்தைச் சாக்குத்துணியால் தளர்வாகச் சுற்றி வைக்க.

2. ஒழுங்கற்ற ஆழ்ந்த துளையும், மரத்தடியில் மரத்தூளும் காணின், உள்ளே புழு உண்டு. வளைந்த கம்பியால் அதனை வெளியே எடுத்துத் துளையைக் களிமண்ணால் அடைக்க.

3. பட்ட கிளையில் வட்டமான பெரிய பொந்து இருப்பின் அது கூடு. அக்கிளை முன்னரே உளுத்தது. அதனால் மரம் முழுதும் கெட்டதாகாது. பருவமழைக்கு முன் நிழல் சீர்செய்யும்போது, குஞ்சுகள் பறந்தபின் அதனைக் கழிக்கலாம்.

மரங்கொத்தியைக் கொல்வது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அன்றியும், புழுவைத் தின்னும் பறவையைக் கொன்றால், புழு தின்னும் மரத்தையும் இழப்போம்.

எனவே, மரத்தை வெட்டத் துணியுமுன் சங்க உறுப்பினர் இருவரை அழைத்து, மூவருமாக மரத்தடியைப் பார்ப்பீராக. ஒருவர் கண்ணுக்குத் தப்புவது மூவர் கண்ணுக்குத் தப்பாது. கூட்டுறவின் பயன் கடன் பெறுவதில் மட்டும் இல்லை.

கூட்டத்தில் ஆராய வேண்டிய வினா: உங்கள் தோட்டத்தில் துளையுள்ள மரங்கள் எத்தனை? அவை மேற்கூறிய மூன்றில் எவ்வகை?