காது நரம்பு இல்லாத பிள்ளைக்கு மூளைத்தண்டுக் கருவி: யாருக்குப் பொருந்தும்?



துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதுகிறது. ஆனால் தொட்டிலில் கிடக்கும் பிள்ளை அசையவில்லை. "அவன் தாத்தாவும் பிந்தித்தான் பேசினாரு, சரியாப் போயிரும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடாதீர்கள்.

நம் காதுக்குள்ளும் ஒரு சங்கு உண்டு. பட்டாணி அளவுதான், சுருள் இரண்டரைச் சுற்று. டாக்டர்கள் இதைக் காக்ளியா என்பார்கள். வெளியிலிருந்து வரும் சத்தம் இங்கே மின்னலையாக மாறி, காது நரம்பு வழியாக மூளைத்தண்டுக்குப் போகிறது. சங்கு பழுதாகி நரம்பு நன்றாக இருந்தால், சங்குக்குள் மெல்லிய கம்பியைச் செலுத்திக் கேட்க வைக்கலாம். அதுதான் நீங்கள் கேள்விப்பட்டிருக்கும் காக்ளியர் கருவி.

சில பிள்ளைகளுக்குச் சங்கே உருவாகியிருக்காது, அல்லது நரம்பே இருக்காது. மூளைக்காய்ச்சல் வந்த சிலருக்குச் சங்குக்குள் எலும்பு வளர்ந்து அடைத்துவிடும். இரு பக்கக் காது நரம்பிலும் கட்டி வருகிற நோயும் உண்டு. இவர்களுக்கு வழி, சின்னத் தகடு ஒன்றை மூளைத்தண்டின் மேலேயே பதிப்பது. 1979-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலீஸ் நகரில், காது நரம்புக் கட்டி இருந்த ஒருவருக்கு டாக்டர்கள் ஹவுஸ், ஹிட்செல்பெர்கர் இருவரும் இதை முதலில் செய்தார்கள். இன்று சென்னையிலேயே, மெட்ராஸ் இ.என்.டி. ரிசர்ச் ஃபவுண்டேஷனில், குழந்தைகளுக்கும் செய்கிறார்கள்.

சங்கு குளிக்கிறவர்களுக்கு நீரழுத்தத்தால் செவிப்பறை கிழிந்து கேட்காமல் போவது வேறு சங்கதி. அதற்கு மருந்து உண்டு, செவிப்பறை ஒட்டும் அறுவை உண்டு. வயதாகி மந்தமான காதுக்கும் இந்தத் தகடு வேண்டாம். பிறவியிலேயே கேளாமல் வளர்ந்து ஆளானவர்களுக்கும் பொதுவாகப் பலன் தராது. சத்தத்தைப் பிரித்தறியும் பழக்கத்தை மூளை சிறு வயதில்தான் பிடித்துக்கொள்கிறது. ஆகவே பிறவிக் கேளாமை என்றால் மூன்று வயதுக்குள் செய்வது நல்லது.

ஒரு விஷயத்தை நன்றாகக் கவனியுங்கள். பிறந்தவுடன் காதில் சின்னக் குமிழ் வைத்து எடுக்கும் சோதனை, சங்கை மட்டும் பார்க்கிறது. நரம்பு இல்லாத பிள்ளையும் அதில் சில சமயம் 'பாஸ்' ஆகிவிடும்! "பாஸ்னு எழுதியிருக்கே" என்று நம்பி ஒரு வருஷத்தைத் தொலைக்கக் கூடாது. பிள்ளை சத்தத்துக்குத் திரும்பாவிட்டால் பெரா சோதனை கேளுங்கள். பிறகு ஸ்கேன்கள். எம்.ஆர்.ஐ.யில் நரம்பு தெரியும், சி.டி.யில் சங்கின் எலும்பு தெரியும். நரம்பு மெலிந்து இருந்தால் பல டாக்டர்கள் முதலில் காக்ளியர் கருவியையே முயன்று பார்ப்பார்கள். மண்டையோட்டைத் திறக்கிற அறுவைக்கு அவசரப்படாதது சரிதான்.

ஆபத்தை மறைக்க வேண்டியதில்லை. மூளைநீர் கசியலாம், நோய்க்கிருமி தொற்றலாம். கருவியை இயக்கும்போது சிலருக்குத் தலைசுற்றலும் தொண்டையில் கூச்சமும் வரும். பலனும் காக்ளியர் கருவியைவிடக் குறைவுதான். கதவு தட்டுவது, பேர் சொல்லிக் கூப்பிடுவது கேட்கும், உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ள உதவும். பார்க்காமலே பேச்சு விளங்குவது எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

அதனால் டாக்டர்கள் உங்களையும் சோதிப்பார்கள். பல வருஷம் பேச்சுப் பயிற்சிக்குப் பிள்ளையைக் கூட்டிப்போக முடியுமா? அப்பா கடலுக்குப் போனால் யார் போவது? அடுத்த பிள்ளையைச் சற்றுத் தள்ளிப்போடச் சொல்வதும் இதற்காகத்தான். கைக்குழந்தையோடு வாரந்தோறும் பஸ் ஏறுவது எந்தத் தாய்க்கும் பாடுதான். மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் கட்டியவர்கள் அதற்குமுன் மரபணு ஆலோசனையும் கேளுங்கள். பெற்றோர் இருவரிடமும் ஒரே குறை மறைந்திருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு.

"பொருந்தாது" என்று டாக்டர் சொன்னால் வள்ளத்தை விற்று வேறு ஊர் தேடாதீர்கள். சைகை மொழியும் முழு மொழிதான். பக்கத்தில் பாளையங்கோட்டையிலேயே பிளாரன்ஸ் சுவைன்சன் காது கேளாதோர் பள்ளி இருக்கிறது. அறுவைக்குக் காத்திருக்கும்போதே சைகை பழக்கினாலும் கெடுதல் இல்லை.

செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வழி உண்டு. முதலில் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு வாருங்கள். காப்பீட்டு அட்டை, பழைய சோதனைச் சீட்டுகள், தடுப்பூசி அட்டை மூன்றும் கையில் இருக்கட்டும். மூளைக்காய்ச்சல் தடுப்பூசிகள் போட்டாயிற்றா என்று பார்த்த பிறகே அறுவைக்கு நாள் குறிப்பார்கள்.