அமெரிக்காவில் அத்லெடிக் டிரெய்னர் ஆக...

ஜிம் பயிற்சியாளர் வேறு, அத்லெடிக் டிரெய்னர் வேறு. மைதானத்தில் சுருண்டு விழுந்த வீரரின் முழங்காலைத் தொட்டுப் பார்த்து, காயம் எத்தகையது என்று கணிப்பவர் இவர். அமெரிக்காவில் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்கு இப்போது முதுநிலைப் படிப்பு அவசியம். பெரும்பாலும் 2 ஆண்டுகள்.

இளநிலையில் எதைப் படித்திருந்தாலும் உயிரியல், வேதியியல், இயற்பியல், உளவியல், உடற்கூறியல், உடலியங்கியல் ஆகியவற்றைக் கல்லூரி அளவில் முடித்திருக்க வேண்டும். உடற்கூறியலைக் கடைசி செமஸ்டருக்குத் தள்ளாதீர்கள். ஆய்வக வகுப்போடு சேர்த்தே எடுங்கள்; தசையையும் எலும்பையும் படத்தில் மட்டும் பார்த்தவர் முதல் மாதமே திணறுவார். ‘சி’ கிரேடுக்குக் குறைந்தால் பல பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை.

சான்று பெற்ற டிரெய்னருடன் இருந்து வேலையைக் கவனித்த மணிக்கணக்கையும் பல இடங்களில் கேட்பார்கள். அன்றன்றே கையெழுத்து வாங்கிவிடுங்கள். சீசன் முடிந்தபின் அவரைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு!

பணம் கட்டும் முன், படிப்புக்கு சி.ஏ.ஏ.டி.இ. (அத்லெடிக் டிரெய்னிங் படிப்புகளை அங்கீகரிக்கும் அமைப்பு) அங்கீகாரம் உள்ளதா என்று பாருங்கள். அது இல்லாத அமெரிக்கப் படிப்பை முடித்தால் அத்லெடிக் டிரெய்னர்களுக்கான பி.ஓ.சி. சான்றிதழ்த் தேர்வை எழுத முடியாது.