சல்சா இசையை உயர்த்திய பெண் குரல்கள்



2003-ஆம் ஆண்டு மார்ச் 13-ஆம் நாள் இரவு, அமெரிக்காவின் மயாமி பீச் நகரில் ஓர் அரங்கம் மக்களால் நிரம்பியிருந்தது. புகழ்பெற்ற பாடகர்களும் பாடகிகளும் ஒருவர்பின் ஒருவராக மேடையேறிப் பாடினர். குளோரியா எஸ்டெஃபான், மார்க் அந்தோணி, குளோரியா கேனர், பட்டி லபெல் எனப் பெயர்ப் பட்டியல் நீண்டது. இவர்கள் எல்லோரும் கூடியது அரங்கில் அமர்ந்திருந்த எழுபத்தேழு வயதுப் பெண்மணி ஒருவரைப் போற்றுவதற்காக. அவருக்கு மூளையில் கட்டி வந்து, அறுவைச் சிகிச்சை முடிந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அவர்தாம் 'சல்சாவின் அரசி' எனப்பட்ட செலியா குரூஸ். அந்தப் பாராட்டு விழா நடந்து நான்கே மாதங்களில் அவர் மறைந்தார்.

உரிய காலத்தில் நடந்த விழா அது. உரிய காலத்தில் பாராட்டுப் பெறாத பாடகியும் ஒருவர் உண்டு. இருவர் வாழ்வையும், இருவருக்கும் முன்னே வழி திறந்த மூத்தவர் ஒருவரின் வாழ்வையும் இக்கட்டுரையில் காண்போம்.

சல்சா என்பது யாது?

'சல்சா' என்னும் ஸ்பானியச் சொல்லுக்குச் சுவை கூட்டும் குழம்பு என்பது பொருள். கியூபா நாட்டில் ஸ்பானியரின் பாட்டும் கித்தாரும், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் முரசொலியும் கலந்து 'சோன்' என்ற இசை பிறந்தது. கியூபாவிலிருந்தும் போர்ட்டோ ரிக்கோவிலிருந்தும் நியூயார்க்கில் குடியேறியவர்கள் சோன் முதலிய இசைவகைகளை ஜாஸ் இசையோடு சேர்த்து வளர்த்தனர். 1964-இல் ஜானி பச்சேகோவும் ஜெரி மசூச்சியும் அந்நகரில் 'ஃபானியா' என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினர். 1970-களில் இந்தக் கூட்டிசைக்குச் சல்சா என்ற பெயர் உலகெங்கும் நிலைத்தது.

இதன் உயிர்நாடி 'கிளாவே' என்னும் தாளம். இரண்டு மரக்குச்சிகளை ஒன்றோடொன்று தட்டி இதனை எழுப்புவர். நீங்களும் செய்து பார்க்கலாம். ஒன்று முதல் பதினாறு வரை ஒரே சீராக எண்ணுங்கள். 1, 4, 7, 11, 13 ஆகிய எண்களில் மட்டும் கைதட்டுங்கள். முற்பாதியில் மூன்று தட்டு, பிற்பாதியில் இரண்டு தட்டு விழும். தாளம், பித்தளைக் குழல், குரல் ஆகிய அனைத்தும் இந்த ஐந்து தட்டுகளுக்குக் கட்டுப்பட்டே நடக்கும்.

பாட்டின் பிற்பகுதியில் குழுவினர் ஓர் அடியைத் திரும்பத் திரும்பப் பாடுவர். முதன்மைப் பாடகர் அதற்கு விடையாக அந்த நேரத்தில் தோன்றும் சொற்களைத் தாளம் பிசகாமல் இட்டுக் கட்டிப் பாடவேண்டும். கூர்மையான மனமும் உரத்த குரலும் இதற்குத் தேவை. இது ஆண்களுக்கே உரிய வேலை என்று நெடுங்காலம் கருதினர்.

வழி திறந்த கிராசியேலா

1932-இல் ஹவானாவில் காஸ்ட்ரோ குடும்பத்துச் சகோதரிகள் 'அனக்காவோனா' என்ற மகளிர் இசைக்குழுவைத் தொடங்கினர். எக்காளமும் முரசும் பெண்களே வாசித்தனர். 1915-இல் பிறந்த கிராசியேலா பெரெஸ் அக்குழுவில் பாடியவர். குழு அயல்நாடுகளுக்கும் சென்று புகழ் பெற்றது.

நியூயார்க்கில் புகழோடு விளங்கிய இசைக்குழுத் தலைவர் மச்சீத்தோ, கிராசியேலாவோடு ஒரே குடும்பத்தில் வளர்ந்தவர். 1943-இல் மச்சீத்தோ இராணுவச் சேவைக்கு அழைக்கப்பட்டபோது, அவர் இடத்தில் பாடக் கிராசியேலா வந்தார். மச்சீத்தோ திரும்பிய பின்னும் கிராசியேலா விலகவில்லை. ஆண்களே நிறைந்த அந்தக் குழுவில் 1975 வரை பாடினார். 2010-இல் தம் தொண்ணூற்று நான்காம் வயதில் காலமானார்.

ஆசிரியை ஆகவிருந்த அரசி

செலியா குரூஸ் 1925-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் ஹவானாவில் எளிய குடும்பத்தில் பிறந்தார். தந்தை இரயில்வேத் தொழிலாளி. மகள் ஆசிரியை ஆகவேண்டும் என்பதே அவர் கனவு. மேடையேறும் பெண்களை உலகம் மதிக்காது என்று அவர் அஞ்சினார். தந்தை சொற்படி செலியா ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். ஆனால் வானொலிப் போட்டியொன்றில் பாடி முதற்பரிசு வென்றார். பரிசு என்ன தெரியுமா? ஒரு கேக்! அதன்பின் இசைக்கல்லூரியில் முறையாகப் பயின்றார். பின்னாளில் தந்தையும் மகளின் புகழ் கண்டு பெருமை கொண்டார்.

1950-இல் 'சொனோரா மத்தான்சேரா' என்னும் பெயர்பெற்ற குழுவில், விலகிச் சென்ற பாடகி மிர்த்தா சில்வாவின் இடத்துக்குச் செலியா வந்தார். பழைய குரலில் பழகிய நேயர்கள் முதலில் முகம் சுளித்தனர். இத்தகைய பாடலைப் பெண் பாடினால் இசைத்தட்டு விற்காது என்றும் பேசப்பட்டது. குழுத் தலைவர் ரொஹேலியோ மார்த்தினேஸ் அவரைக் கைவிடவில்லை. இசைத்தட்டு விற்றது, எதிர்ப்பும் அடங்கியது.

கியூபாவில் 1959-இல் புரட்சி வென்றது. 1960 ஜூலையில் குழுவினரோடு மெக்சிகோ சென்ற செலியா தாயகம் திரும்பவில்லை. 1962-இல் அவர் தாய் இறந்தார். அடக்கத்துக்கு வரச் செலியா அனுமதி கேட்டார், அரசு மறுத்தது. தாயின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்கும் பேறும் அவருக்கு வாய்க்கவில்லை. அதே ஆண்டு தம் குழுவின் எக்காளக் கலைஞர் பெத்ரோ நைட்டை மணந்தார். அந்த இல்லறம் இறுதிவரை நிலைத்தது.

நியூயார்க்கில் டிட்டோ புவெந்தேயோடு பாடினார். 1974-இல் ஜானி பச்சேகோவோடு சேர்ந்து வெளியிட்ட இசைத்தட்டு அவரை இளைஞர்களிடம் கொண்டு சேர்த்தது. மேடையில் அவர் "அசூக்கர்!" என்று முழங்குவார். சர்க்கரை என்பது அதன் பொருள். காப்பிக்குச் சர்க்கரை வேண்டுமா என்று கேட்ட பரிசாரகரிடம், கியூபாக் காப்பியைச் சர்க்கரை இல்லாமல் குடிப்பது எப்படி என்று அவர் வேடிக்கையாகக் கேட்டதில் பிறந்தது அந்த முழக்கம். 1994-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கிளின்டன் அவருக்கு தேசியக் கலைப் பதக்கம் அளித்தார்.

1990-இல் குவாந்தானமோவிலுள்ள அமெரிக்கத் தளத்தில் பாடச் சென்றபோது, வேலியோரம் இருந்த கியூபா மண்ணில் ஒரு பிடி எடுத்து வந்தார். 2003 ஜூலை 16-ஆம் நாள் அவர் இறந்தார். நியூயார்க் புனித பேட்ரிக் பேராலயத்தில் அடக்கத் திருப்பலி நிறைவேறியது. அந்த ஒரு பிடி மண்ணும் அவரோடு அடக்கம் செய்யப்பட்டது. நாற்பத்து மூன்று ஆண்டுகள் காத்திருந்த மகளுக்குத் தாய்நாடு கொடுத்தது அவ்வளவே.

மறக்கப்பட்ட லா லூப்பே

லூப்பே விக்டோரியா யோலி, கியூபாவின் சந்தியாகோ நகரில் பிறந்தவர். அவரும் தந்தையின் விருப்பப்படி ஆசிரியப் பயிற்சி முடித்தவரே. 1962-இல் நாட்டைவிட்டு நியூயார்க் வந்தார். 1965-இல் டிட்டோ புவெந்தேயோடு பாடி வெளியிட்ட இசைத்தட்டு அவரைப் புகழின் உச்சிக்கு ஏற்றியது. பாடும்போது அழுவார், சிரிப்பார், மேடையே அதிரக் கூவுவார். கட்டுக்கு அடங்காதவர் என்று சிலர் அவரை ஒதுக்கினர்.

காலம் மாறியது. 1970-களின் பிற்பகுதியில் வாய்ப்புகள் குறைந்தன. நோயும் முதுகெலும்புக் காயமும் வறுமையும் அடுத்தடுத்து வந்தன. தீ விபத்தில் வீட்டையும் இழந்தார். பிற்காலத்தில் சமயப் பற்றில் ஆறுதல் கண்டு, ஆலயங்களில் பாடியும் போதித்தும் வந்தார். 1988-இல் வெளிவந்த ஒரு ஸ்பானியத் திரைப்படத்தின் முடிவில் அவர் குரல் ஒலித்து, உலகமெங்கும் மக்களை ஈர்த்தது. அந்தக் குரலுக்கு உரியவரோ நியூயார்க்கில் எளிய வாழ்வு வாழ்ந்துகொண்டிருந்தார். 1992 பிப்ரவரி 29-இல் அவர் மறைந்தார். பத்தாண்டு கழித்து, 2002-இல், பிராங்ஸ் பகுதித் தெரு ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. தெருவுக்குப் பெயர் வைத்தார்கள். பெயருக்கு உரியவர் அதைக் காணவில்லை.

பாராட்டு விழா கற்றுத்தரும் பாடம்

இன்று இத்தகைய விழாக்களில் இளம் பாடகியர் மூத்தோரின் பாடல்களைப் பாடுகின்றனர். போர்ட்டோ ரிக்கோவில் பிறந்து பிராங்ஸில் வளர்ந்த 'லா இந்தியா', செலியாவோடு சேர்ந்து பாடும் பேறு பெற்றவர். மூத்தவர் கையிலிருந்து இளையவர் கைக்கு விளக்கு மாறுவதுபோல் இசை இவ்வாறு வாழ்கிறது.

மயாமி விழாவில் திரண்ட நிதி செலியாவின் பெயரால் அமைந்த அறக்கட்டளைக்குச் சென்றது. இசை பயிலும் ஏழை மாணவருக்கு உதவுவது அதன் நோக்கங்களுள் ஒன்று. 2003-இல் பிராங்ஸில் தொடங்கப்பட்ட இசை உயர்நிலைப் பள்ளியும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மகள் பள்ளிக்கூடத்தில் இருக்கவேண்டும் என்று விரும்பிய தந்தையின் கனவு இப்படியும் நிறைவேறியது!

அன்புச் செல்வங்களே, நம் வீட்டிலும் ஊரிலும் பள்ளியிலும் நமக்காகப் பாடுபட்ட மூத்த பெண்கள் பலர் உளர். அவர்களுடைய திறமையைச் சொல்லிப் பாராட்ட ஒரு விழாவுக்காகக் காத்திருக்க வேண்டுமா? கேட்கும் செவி அவர்களுக்கு இருக்கும்போதே சொல்லிவிடுவோம்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. கிளாவே தாளத்தின் ஐந்து தட்டுகள் எந்தெந்த எண்களில் விழும்? தோழியரோடு தட்டிக் காட்டுக.

2. செலியா, லா லூப்பே ஆகியோர் வாழ்வில் ஒத்த செய்திகள் எவை? வேறுபட்ட செய்திகள் எவை?

3. நீ பாராட்ட விரும்பும் மூத்த பெண்மணி ஒருவரைப் பற்றிப் பத்து வரிகள் எழுதி, அதனை அவரிடமே படித்துக் காட்டுக.