நகரையும் நதியையும் இணைத்த காஜூ பாலம்

ஆற்றங்கரையில் எழுப்பப்பெறும் பொதுக் கட்டடம் எவ்வாறு அமைதல் வேண்டும்? ஆற்றின் எழிலைக் கண்டு களிக்கப் பெரிய சாளரங்கள் இருந்தாற் போதுமெனச் சிலர் கருதுவர். தெருவில் நடந்து வரும் மனிதரை நீரின் விளிம்புவரை தடையின்றிக் கொண்டு சேர்ப்பதே அக்கட்டடத்தின் முதற்கடன் என்பது நம் துணிபு. இதற்குச் சான்றாக, ஈரான் நாட்டு இஸ்பஹான் நகரின் காஜூ பாலத்தை ஈண்டு நோக்குவோம்.

ஸஃபவி மரபைச் சார்ந்த மன்னர் இரண்டாம் ஷா அப்பாஸ், 1650ஆம் ஆண்டையொட்டி, ஜாயந்தே ரூத் ஆற்றின் குறுக்கே இதனைக் கட்டுவித்தார். கல்லாலும் செங்கல்லாலும் இயன்ற இதன் நீளம் ஏறத்தாழ 133 மீட்டர். அகலம் 12 மீட்டர். பெயரளவில் இது பாலம். பயனளவில் பாலமும் அணையும் மக்கள் மன்றமும் ஆகிய மூன்றுமாம்.

முதலாவதாக, இதன் இருப்பிடத்தைக் காண்போம். வடகரையில் காஜூ என்னும் பகுதி. தென்கரையில் அந்நாளில் ஜொராஸ்திரியர் வாழ்ந்த குடியிருப்பு. இருகரையாரும் கடந்து செல்லும் வழியிலேயே மன்றம் அமைந்தமையால், அதனை நாடித் தனியே ஒரு பயணம் வேண்டுவதில்லை.

இரண்டாவதாக, தள அமைப்பு. மேல்தளத்தின் நடுவே குதிரைகளும் வண்டிகளும் செல்வதற்கான பாதை. இருமருங்கும் வளைவுகளின் நிழலில் நடப்போர் பாதை. நடுவில் எண்கோண மண்டபம். கீழ்த்தளத்திலோ தூண்களிடையே குளிர்ந்த நடைவழி. அங்கிருந்து கற்படிகள் ஆற்றில் இறங்குகின்றன. நம் படித்துறைகளை அறிந்தோர்க்கு இவ்வமைப்பு அயலாகத் தோன்றாது. மாலைவேளைகளில் அவ்வளைவுகளின் கீழ் மக்கள் கூடியமர்ந்து பாடுதல் வழக்கம். மன்னர் கட்டிய பாலம் மக்களின் முற்றமாயிற்று.

மூன்றாவதாக, நீராளுமை. அடியிலுள்ள மதகுகளை அடைத்தால் மேற்புறம் நீர்மட்டம் உயர்ந்து, கரையோரத் தோட்டங்களுக்குப் பாயும். இங்கு அழகும் பயனும் வேறு வேறல்ல.

எனினும், இப்பாலம் நமக்குக் கற்பிக்கும் கடினமான பாடம் ஒன்றுண்டு. ஜாயந்தே ரூத் என்பதற்கு உயிரளிக்கும் ஆறு என்பது பொருள். அவ்வாறு 2000ஆம் ஆண்டுக்குப் பின்னர், மழைக்குறைவாலும் மேற்பகுதியில் நீர் மிகுதியாக எடுக்கப்படுவதாலும், பல ஆண்டுகளில் பெரும்பாலான மாதங்கள் நகரருகே வறண்டு கிடந்துள்ளது. 2021 நவம்பரில் உழவரும் நகரமக்களும் வறண்ட ஆற்றுப்படுகையில் ஆயிரக்கணக்கில் திரண்டு, ஆற்றில் நீர் விடுமாறு முழங்கினர். வளைவுகள் நின்றன, படிகளும் நின்றன, படிகள் சென்றடையும் நீர்தான் இல்லை.

ஆதலின், வரைபடத்தில் ஆற்றை ஒரு நீலக்கோடாக இட்டுவிட்டுக் கட்டடத்தை மட்டும் சிந்தித்தல் சாலாது. தெரு, கட்டடம், படி, நீர் ஆகிய நான்கும் ஒரே தொடர். அவற்றுள் ஒன்று அறுந்தாலும் ஏனையவை பொருளிழக்கும். கரையில் கட்ட முனையும் நாம், ஆற்றின் தலைப்பகுதியையும் எண்ணிப் பார்த்தல் கடனாகும். நீரைக் காத்த பின்னரே, நீர்க்கரையில் மன்றம் அமைக்கும் தகுதி நமக்கு வாய்க்கும்.