பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர்

மட்டக்களப்புக்கு வடக்கே கதிரவெளிக் கரையில் ஒரு பையன் கடல் தொழிலைப் புத்தகம் பார்த்துப் பழகுவதில்லை. தகப்பனோடோ மாமனோடோ தோணியில் ஏறித்தான் பழகுகிறான். நம் மலையிலும் அப்படித்தான். புதிதாகப் பேர் பதிந்த பிள்ளையை அனுபவமுள்ள அக்காவுக்குப் பக்கத்து நிரையில் விட்டால் கொழுந்து எடுக்கத் தானாக வந்துவிடும். தொழிலுக்கு இப்படி ஆள் வைக்கிறோம். சாதாரண தரப் பரீட்சையில் தவறி, லயத்து வாசலில் குந்தியிருக்கிற பிள்ளைக்கு யாரை வைத்தோம்? "இனி கொழும்புக் கடைக்குப் போகட்டும்" என்று சொல்லிவிடுகிறோம், அவ்வளவுதான்.

ஹவாயில் உள்ள கவாய் தீவும் கரும்பு, அன்னாசித் தோட்டங்கள் நிறைந்திருந்த இடம். அங்கே 1955இல் பிறந்த 698 பிள்ளைகளை எமி வேர்னர் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் 40 வயதுவரை தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடி, வீட்டுச் சண்டை என்று பல கஷ்டங்கள் சேர்ந்த வீடுகளில் வளர்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் நல்ல நிலைக்கு வந்தார்கள். பிள்ளையின் சுபாவமும் ஒரு காரணம்தான். ஆனால் பாட்டியோ ஆசிரியரோ அயலவரோ, அவர்களை நம்பிய ஒருவராவது பக்கத்தில் இருந்திருக்கிறார்.

கதிரவெளியை 2004இல் சுனாமியும் 2006இல் எறிகணைகளும் அடித்தன. அந்த மாவட்டத்துப் பிள்ளைகளின் வேதனை அதற்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது. 1996இல் வணபிதா போல் சற்குணநாயகமும் கனடாவைச் சேர்ந்த போல் ஹோகனும் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவை ஆரம்பித்தார்கள். தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் கிழமைக்கு ஒரு நாள் என்று ஒன்பது மாதம் வந்து விளையாடினார்கள், படம் வரைந்தார்கள். கூட இருந்து பார்த்துக்கொண்டவர்கள் அந்தப் பகுதி இளைஞர்களே. பெரிய படிப்பாளிகளைத் தேடி அலையத் தேவையில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறோம்.

ஒரு தடவை பரீட்சையில் தவறி மறுதடவை எழுதிச் சித்தியடைந்தவர், இந்த வேலைக்குச் 'சாரை'விடப் பொருத்தம் என்பது எங்கள் எண்ணம். கிழமையில் ஒரே நாள், ஒரு மணித்தியாலம் போதும். புத்திமதி குறைவாகவும் கேட்பது கூடுதலாகவும் இருக்கட்டும். அடையாள அட்டை எடுக்கவும் தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பம் நிரப்பவும் கூடப் போகலாம். பெற்றோருக்குத் தெரிந்து, நாலு பேர் பார்க்கிற இடத்தில் சந்தியுங்கள். ஒரு வருஷமாவது முடியும் என்றால் மட்டும் பொறுப்பெடுங்கள். பாதியில் விட்டால் பிள்ளை முன்னையைவிடச் சோர்ந்துபோகும்.

விருப்பமுள்ளவர்கள் பிள்ளை மடுவத்திலோ எங்களிடமோ பேர் கொடுங்கள். சொந்தப் பிள்ளையைக் கேட்காமல் அடுத்த லயத்துப் பிள்ளையைக் கேளுங்கள்.