மாப்பிள்ளையூரணி பக்கம் பிளாட் வாங்கப் போறீங்களா? டோக்கனுக்கு முன் 5 பிரச்சினைகள், 5 தீர்வுகள்

வேலைக்குச் சேர்ந்து மூணு வருஷம் ஆகி, கையில் ரெண்டு லட்சம் சேர்ந்ததும் வீட்டில் கேட்கும் முதல் கேள்வி, "ஒரு இடம் வாங்கிப் போடலாமே?" தூத்துக்குடிப் பக்கம் இந்தப் பேச்சு இப்போ ரொம்பவே அதிகம். 2025 ஜூலை 26-ல் விமான நிலையத்தின் புது முனையம் திறந்தாச்சு. ஆகஸ்ட் 4-ல் சில்லாநத்தம் சிப்காட்டில் வின்ஃபாஸ்ட் கார் ஆலையும் திறந்தாச்சு. மாநகராட்சியை ஒட்டியிருக்கும் மாப்பிள்ளையூரணி மாதிரி ஊர்களில் பிளாட் விற்கிறவர்களுக்கு இதைவிட நல்ல விளம்பரம் வேண்டாம்.

ஆலை வந்தது உண்மைதான். ஆனா அது உங்க பிளாட்டின் பத்திரத்தைச் சரியாக்காது. அந்தக் காலத்தில் தூத்துக்குடி முத்துக்குளிப்பில் சிப்பியைத் திறக்காமலேயே ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கா என்பது வாங்கியவரின் அதிர்ஷ்டம். நிலத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பணம் கொடுக்கும் முன்பே திறந்து பார்க்கலாம்.

1. "பஞ்சாயத்து அப்ரூவ்டு தம்பி!"

ஊராட்சித் தலைவர் கையெழுத்து மட்டும் இருந்தால் அது அங்கீகரித்த மனைப்பிரிவு ஆகாது. நகர் ஊரமைப்பு இயக்ககத்தின், அதாவது டிடிசிபியின் அனுமதி வேண்டும். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. பிறகு, 20.10.2016-க்கு முந்தைய மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்த 2017-ல் விதிகள் வந்தன.

தீர்வு: புது மனை என்றால் டிடிசிபி எண்ணும் ரெரா பதிவு எண்ணும் கேளுங்க. ரெரா எண்ணை தமிழ்நாடு ரெரா தளத்தில் நீங்களே சரிபாருங்க. பழைய மனை என்றால் வரன்முறை ஆணையின் நகல் கேளுங்க.

2. விற்கிறவர் உண்மையான உரிமையாளரா?

பதிவுத்துறை தளத்தில் வில்லங்கச் சான்றை இலவசமாகப் பார்க்கலாம். ஆனா அதில் பதிவான விவரங்கள் மட்டும்தான் தெரியும். பதிவாகாத உயிலோ, வாரிசு தகராறோ தெரியாது. இன்னொண்ணு, பவர் பத்திரத்தை வைத்து நடக்கும் விற்பனை. பவர் கைமாறினால் மட்டும் உரிமை மாறாது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முறையாக கிரயப் பத்திரம் பதிவாகணும்.

தீர்வு: குறைந்தது 30 வருட வில்லங்கம், தாய்ப் பத்திரத்தின் அசல், விற்பவர் பெயரில் பட்டா. பவர் ஏஜென்ட் விற்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவரை ரத்து செய்திருக்கிறாரா என்று பாருங்க. கடைசியில் எல்லாத்தையும் ஒரு வக்கீலிடம் காட்டுங்க. அவர் ஃபீஸ் உங்க ஒரு மாத இஎம்ஐ அளவுகூட வராது.

3. தண்ணீர்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை தூத்துக்குடிக்காரர்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை! நகரமும் சுற்றுப்புறமும் மூழ்கின. ஊர்ப் பெயரிலேயே 'ஊரணி' இருக்கு, அதையும் யோசிங்க. கடலோரம், உப்பளம் பக்கம் என்றால் நிலத்தடி நீர் உப்பாக இருக்கவும் வாய்ப்பு அதிகம்.

தீர்வு: புலப்பட வரைபடத்தில் ஓடை, வாய்க்கால் இருக்கான்னு பாருங்க. பக்கத்து வீட்டில் ரெண்டு கேள்வி கேளுங்க: "அந்த மழைக்கு இங்க எவ்வளவு உயரம் தண்ணி நின்னுச்சு? போர் தண்ணி குடிக்க ஆகுமா?"

4. லாபம் மாதிரி தெரியும் லாபம்

10 லட்சத்துக்கு வாங்கி, 5 வருஷத்தில் 13 லட்சத்துக்கு விற்றால் 30% லாபமா? முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9%. ஆக உங்க அடக்கம் 10.90 லட்சம். கூட்டு வட்டியில் கணக்கு போட்டால் வருஷத்துக்கு சுமார் 3.6% தான். தரகு, வேலி, வக்கீல் செலவு இதில் சேர்க்கவே இல்லை.

தீர்வு: எப்போதும் அடக்க விலையில் கணக்கு போடுங்க. 10 லட்சம் வரையிலான சொத்தை பெண்கள் பெயரில் பதிந்தால் கட்டணத்தில் 1% குறையும்.

5. அவசரத்துக்கு விற்க முடியாது

வேலை போனாலோ அப்பாவுக்கு ஆபரேஷன் என்றாலோ கால் பிளாட்டை மட்டும் விற்க முடியாது. அவசரத்தில் விற்றால் விலையும் அடிபடும். வாடகை வராது, ஆனா இஎம்ஐ போய்க்கொண்டே இருக்கும். வீடு கட்டாத வெறும் மனைக் கடனின் வட்டிக்கு வருமான வரிச் சலுகையும் கிடையாது.

தீர்வு: ஆறு மாதச் செலவுக்கான பணமும் மருத்துவக் காப்பீடும் முதலில். அதுக்கப்புறம்தான் பிளாட்.

"இன்னைக்கு டோக்கன் போடலைன்னா நாளைக்கு இருக்காது தம்பி" என்று யாராவது அவசரப்படுத்தினால், "பத்திர நகல் கொடுங்க அண்ணாச்சி, ஒரு வாரத்தில் சொல்றேன்" என்று சொல்லுங்க. நகல் தராதவருக்கு நீங்க டோக்கனும் தர வேண்டியதில்லை.