சமதரையில் நின்றாலும் சரிவு வரும்

பெர்தூட் கணவாயில் அக்டோபரிலேயே பனி விழுந்துவிட்டது என்று வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டுக் கொண்டாடுகிறார்கள். எனக்கோ அதைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்குகிறது. கொலராடோவில், லிஃப்டும் காவலர்களும் இல்லாத பேக்கன்ட்ரியில் சறுக்கப் போகிறவர்களுக்கு ஜனவரியில் எமனாக வரும் பனிச்சரிவுக்குப் பல முறை அடித்தளம் போடுவது இந்த முதல் பனிதான்.

பனிக்கு அடியில் தரை ஏறக்குறைய பூஜ்ஜிய டிகிரியிலேயே இருக்கும். மேலே தெளிந்த இரவில் காற்று மைனஸ் இருபதுக்கு இறங்கும். நடுவில் இருப்பது ஒரு அடிப் பனிதான் என்றால் கீழிருந்து நீராவி விடாமல் மேலேறும். துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாமல் தனித்தனிப் படிகங்களாகப் பெருத்துவிடும். சர்க்கரைப் பனி என்று இங்கே சொல்வது இதைத்தான். கையுறையில் அள்ளிப் பிடித்துப் பாருங்கள், உருண்டை பிடிக்க வராது, மினுமினுவென்று விரலிடுக்கில் ஒழுகிவிடும். தெற்கு பார்த்த சரிவுகளில் வெயில் இதை உருக்கிவிடும். வடக்கும் கிழக்கும் பார்த்த சரிவுகளில் அப்படியே கிடக்கும். அதன்மேல் டிசம்பர் புயல் கனமான பனியைக் கொட்டும். மேற்குக் காற்று இன்னும் கொஞ்சம் வாரிக்கொண்டுவந்து கிழக்குச் சரிவுகளில் சேர்க்கும்.

நாங்கள் நண்பர்கள் சிலர் சறுக்கப் போனது அப்படியொரு டிசம்பர் சனிக்கிழமை. புதைந்தவரைத் தேட உதவும் பீக்கன், மண்வெட்டி, குத்துக்கம்பி எல்லாம் எல்லோரிடமும் இருந்தன, ஒருவர் பீக்கனை ஒருவர் சோதித்தும் பார்த்தோம். அதைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மரங்களைத் தாண்டித் திறந்த புல்வெளிக்கு வந்ததும் காலடியில் 'உம்ப்' என்றொரு சத்தம். தரையே ஓர் அங்குலம் இறங்கியதைப் போலிருந்தது. அடியிலிருக்கும் சர்க்கரைப் பனி நொறுங்கி, மேலே பலகைபோல இறுகிக் கிடக்கும் பனி மொத்தமாகக் கீழே உட்காரும் சத்தம் அது.

"அண்ணே, திரும்பிடலாம்," என்றேன்.

"பனி படியுற சத்தம்பா அது. முன்னாடி போனவங்க தடம் தெரியுதுல்ல? நாம நிக்கிறது சமதரை, எது சரியப் போகுது?" என்றார் எங்களில் மூத்தவர்.

அன்று எங்களுக்கு எல்லாவற்றையும்விட அதிகச் சேதம் விளைவித்தது அந்த ஒரு பதில். பலவீனமான அடுக்கு ஓரிடத்தில் நொறுங்கினால் அந்த நொறுங்கல் பக்கவாட்டில் ஓடும். சமதரையில் நின்று அழுத்தினாலும் மேலேயுள்ள செங்குத்தில் பலகை உடையும். நான் மரங்களுக்குள் திரும்பிவிட்டேன். மற்றவர்கள் நடந்தார்கள். எங்களுக்கு மேலே இருந்த சரிவு முப்பத்தைந்து டிகிரிக்குக் குறையாது. அதன் குறுக்கே கோடு கிழித்தாற்போல ஒரு விரிசல் ஓடியதைக் கண்ணால் பார்த்தேன். சரிந்து வந்த பனியில் ஒரு நண்பன் இடுப்புவரை புதைந்தான், முழங்கால் தசைநார் அறுந்தது. மண்வெட்டியோடு ஓடிப்போய்த் தோண்ட முடிந்தது, நான் அந்த வழியில் இல்லாததால்தான். குழுவை விட்டுப் பிரிந்தது தப்பு என்று என்னைப் பேசியவர்கள் இதை ஒரு முறையாவது யோசித்துப் பார்க்கட்டும்.

முன்னே போனவர்களின் தடம் பாதுகாப்புக்கு அத்தாட்சி கிடையாது. பத்துப் பேர் தாண்டிய பனியைப் பதினோராவது ஆள் மெல்லிய இடத்தில் மிதித்து உடைக்கலாம். லவ்லண்ட் கணவாய்ப் பக்கம் ஷீப் க்ரீக்கில் 2013 ஏப்ரல் 20 அன்று பனிச்சரிவில் ஆறு பேர் சிக்கி ஐந்து பேர் இறந்தார்கள். அவர்கள் உச்சியில் நிற்கவில்லை, சரிவின் அடிப்பகுதியில் போய்க்கொண்டிருந்தார்கள். அங்கும் உடைந்தது தரையை ஒட்டிய அடுக்குதான்.

வரும் குளிர்காலம் லா நினாவா, எல் நினோவா என்று இப்போதே வாதம் நடக்கிறது. லா நினா என்றால் ஸ்டீம்போட் பக்கம் பனி கூடவும் தெற்கே சான் வான் மலைகளில் குறையவும் வாய்ப்பு அதிகம். நாம் போகிற நடுப்பகுதிக்கு அது தெளிவாக ஒன்றும் சொல்லாது. அதைவிட அக்டோபர் பனிக்குப் பிறகு எத்தனை வாரம் வானம் வறண்டு கிடந்தது என்று குறித்து வையுங்கள். பெர்தூட் உச்சியில் ஸ்னோடெல் நிலையம் இருக்கிறது, பனியின் ஆழத்தையும் அதிலுள்ள நீரின் அளவையும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆழம் அப்படியே நின்று, பிறகு சடாரென்று ஏறினால் அந்த வாரம் செங்குத்துப் பக்கம் போகாதீர்கள். கொலராடோ பனிச்சரிவுத் தகவல் மையத்தின் அறிக்கையில் ஆபத்து ஐந்தில் எத்தனை என்ற எண்ணோடு நிறுத்தாமல், எந்தத் திசைச் சரிவு, எந்த உயரம் என்பதையும் படியுங்கள். மூன்று என்று போட்டிருந்தால் 'நடுத்தரம்தானே' என்று கிளம்புகிறவர்கள் நம் ஆட்களில் நிறைய. மூன்றாம் நிலையிலேயே மனிதர் மிதித்துச் சரிவு கிளம்ப நல்ல வாய்ப்பு உண்டு.

வரைபடச் செயலியில் சரிவுக் கோணத்துக்கு நிறம் போட்டுக் காட்டும் வசதி உண்டு. நம் பாதை எந்த நிறத்தில் இருக்கிறது என்று மட்டும் பார்ப்பது போதாது, அதற்கு மேலே என்ன நிறம் தொங்குகிறது என்று பாருங்கள். சனிக்கிழமை விடிவதற்கு முன் ஐ-70 நெடுஞ்சாலை நெரிசலில் நின்று வந்த பிறகு திரும்பிப் போக யாருக்கும் மனசு வராது, எனக்குத் தெரியும். அதனால் அறிக்கையையும் வரைபடத்தையும் பார்ப்பதை வெள்ளிக்கிழமை இரவே முடித்துவிட வேண்டும்.

இந்த டிசம்பரிலும் நான் போகிறேன். முப்பது டிகிரிக்குக் குறைந்த, தலைக்கு மேலே சரிவு இல்லாத காட்டுப் பாதைகளுக்கு மட்டும். கூட வர விரும்புகிறவர்கள், 'உம்ப்' சத்தம் கேட்டால் விவாதம் இல்லாமல் எல்லோரும் திரும்புவோம் என்பதைக் காரில் ஏறும் முன்பே ஒப்புக்கொள்ள வேண்டும்.